ஆயிரத்து இருநூறுக்கு ஒன்று குறைவு

குடிநீர் வாரியத்தின் கணினி அறையில் வேலை பார்த்த அவளுக்கு ஆபீஸ் வைத்த பெயர் சுத்தக்காரி. கிண்டலாக வைத்த பெயர்தான். அவளோ அதைப் பட்டம் கொடுத்த மாதிரி வாங்கி வைத்துக்கொண்டாள். அடுத்தவர் மேசையில் பேனா கோணலாகக் கிடந்தாலும் அவள் கை சும்மா இருக்காது. யார் வீட்டுக்காவது போனால், சுவரில் சாய்ந்திருக்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவாள். இப்படி ஒருத்தி கையில் வாரியத்தின் கணினிக் கோப்புகளை எல்லாம் கொடுத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

அவளுடைய நாத்தனார், அதாவது கணவனின் அக்கா, அதே வாரியத்தின் பம்ப் ஹவுசில் ஆபரேட்டர். வீட்டிலும் மாடி நாத்தனாருடையது, கீழ்த்தளம் இவர்களுடையது. இரண்டு பேருக்கும் சண்டை என்று சொன்னால் பொய். ஆனால் செருப்பு விஷயத்தில் ஒரு மௌன யுத்தம் பல வருடமாக நடந்துகொண்டிருந்தது. நாத்தனார் வாசலில் செருப்பைக் கழற்றினால் ஒன்று தெருவைப் பார்க்கும், இன்னொன்று சுவரைப் பார்க்கும். சுத்தக்காரி ஒரு வார்த்தை பேசாமல் குனிந்து அதை ஜோடி சேர்த்து வைப்பாள். வாய் திறந்து திட்டியிருந்தால்கூட நாத்தனாருக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

நாத்தனாருக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. ஷிப்ட் பொறுப்பாளர் ஆக வேண்டும், அவ்வளவுதான். பதினோரு வருடமாகக் காலை, மதியம், இரவு என்று மூன்று ஷிப்டிலும் மாறி மாறி உருண்டு, எந்த நேரத்தில் பசிக்க வேண்டும் என்பதே அவள் வயிற்றுக்கு மறந்துபோயிருந்தது. பொறுப்பாளருக்குப் பகல் வேலை மட்டும். "எல்லாரும் தூங்குற நேரத்துல நானும் தூங்கணும். இதைக் கேட்டா பேராசையா?" என்று தம்பியிடம் கேட்பாள். இந்த வருடம் அந்த இடம் காலியானது. தகுதி இருந்தது இரண்டே பேருக்கு. ஒன்று நாத்தனார், இன்னொன்று சுருட்டை. சுருட்டை என்பவனுக்கு இப்போது தலையில் ஒரு முடி கிடையாது. முடி போனாலும் பெயர் போகவில்லை. மூன்றாவது ஆபரேட்டரின் பட்டப்பெயர் பூனை; அவனுக்கு இன்னும் சர்வீஸ் போதாது.

பம்ப் ஹவுசில் ஒரு பழைய கணினி உண்டு. மணிக்கு ஒரு வரி அதில் தட்ட வேண்டும்: நேரம், தொட்டியின் நீர்மட்டம், குழாய் அழுத்தம், கடைசியில் ஒரு குறிப்பு. எல்லாம் ஒழுங்காக இருந்தால் 'நார்மல்' என்பதுதான் குறிப்பு. ஒரு நாளைக்கு ஒரு கோப்பு, அதில் இருபத்துநான்கு வரி. மாதக் கடைசியில் எல்லாக் கோப்பும் சுத்தக்காரியிடம் வந்துசேரும். அவள் அதிலிருந்து பெரிய இன்ஜினியருக்கு ஒரு அறிக்கை எடுத்துக் கொடுப்பாள்.

முன்பெல்லாம் 'நார்மல்' வரிகளைக் கையால்தான் எண்ணினார்கள். போன மாதக் கணக்கை முதல்முறையாகக் கணினியே எண்ணட்டும் என்று விட்டாள். அது நாளைக்குப் பதினாறு மணி நேரம் பம்ப் ஹவுஸ் நார்மலாக இல்லை என்று சொல்லிவிட்டது. இன்ஜினியர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, ஊருக்குத் தண்ணி போகுதா இல்லையா?" என்று தொலைபேசியில் கத்தினார்.

கோப்பைத் திறந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். தப்பு வெளியே தெரியவில்லை. எல்லா வரியிலும் 'நார்மல்' என்றுதான் இருந்தது. கர்சரை வரியின் கடைசிக்குக் கொண்டுபோன பிறகுதான் விஷயம் பிடிபட்டது. சில வரிகளில் 'நார்மல்' முடிந்த பிறகும் ஒரு வெற்று இடம் இருந்தது. சிலவற்றில் நான்கு வெற்று இடம். மனிதன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு 'நார்மல்' வேறு, பின்னால் ஒரு இடம் விட்ட 'நார்மல்' வேறு.

"விரலை ஸ்பேஸ் பார் மேல வச்சுட்டுத் தூங்குவாங்க போல," என்று முணுமுணுத்தாள். உண்மையில் அவளுக்கு உள்ளூரக் குஷி. துடைப்பதற்கு ஒன்று கிடைத்துவிட்டது அல்லவா?

அன்று காலையே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினாள். பெரிய வித்தை ஒன்றுமில்லை, ஏழெட்டு வரிக் கட்டளைகள். ஒவ்வொரு நாள் கோப்பாக எடு, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் வெற்று இடம் இருந்தால் அழி, அதே பெயரில் அதே இடத்தில் சேமி. பழையதற்கு ஒரு பிரதி எடுத்து வைக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். குப்பையை யாராவது பெட்டியில் போட்டுப் பூட்டுவார்களா? வேண்டாம் என்று விட்டுவிட்டாள். ஆனால் பெருமைக்கு ஒரு வரி சேர்த்தாள்: ஒவ்வொரு கோப்பிலும் துடைப்பதற்கு முன் எத்தனை எழுத்து, துடைத்த பின் எத்தனை, மிச்சம் எத்தனை என்று ஒரு பட்டியல். அந்தப் பட்டியலை ஒன்றாம் தேதியே இன்ஜினியருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டாள். அவர் அதைத் திறந்தாரா என்பது வேறு கதை.

அன்று சாப்பிடும்போது கணவனிடமும் டமாரம் அடித்தாள்.

"ஒரு மாசக் கோப்புல ஆயிரத்து நூத்துத் தொண்ணூத்தொம்பது எழுத்து மிச்சம் பண்ணியிருக்கேன், தெரியுமா?"

"அடேங்கப்பா! என் போன்ல இருக்கற ஒரு போட்டோவுல மூக்கு நுனி அளவுகூட வராதே அது," என்றான் கணவன்.

"அளவா முக்கியம்? சுத்தம்ங்க, சுத்தம்."

"சரி, ஆயிரத்து இருநூறுன்னாவது வந்திருக்கக் கூடாதா? ஒண்ணு குறையுதே."

அதுதான் அவளுக்கும் உறுத்தல். முழு எண்ணாக வந்திருந்தால் எவ்வளவு அழகாக இருந்திருக்கும்! அந்த ஒன்று எங்கே போனது என்று கை கழுவும்போதுகூட நினைத்தாள். பிறகு மறந்துபோனாள்.

பத்து நாள் போனது. ஒருநாள் மதியம் நாத்தனார் கணினி அறைக்கே வந்து நின்றாள். யூனிபார்மில் கிரீஸ் கறை, முகத்தில் வழக்கமில்லாத சிரிப்பு. கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏம்மா, உன்னால ஒரு காரியம் ஆகணும்."

விஷயம் இதுதான். போன மாதம் எட்டாம் தேதி, காலை ஷிப்டில், இரண்டாவது பம்பின் பேரிங் சூடேறியது. யாரும் சொல்லாமலே ஆபரேட்டர் அதைக் கவனித்து, இரண்டை நிறுத்தி மூன்றாவதை ஓடவிட்டிருந்தார். பம்பைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், இன்னும் அரை மணி ஓடியிருந்தால் பம்பின் சுழல்தண்டே முறிந்திருக்கும், ஊருக்கு ஒரு வாரம் தண்ணீர் இருந்திருக்காது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இன்ஜினியருக்கு உச்சி குளிர்ந்துபோனது. அந்த ஆபரேட்டர்தான் புதிய பொறுப்பாளர் என்று முடிவுகட்டி, ஷிப்ட் அட்டவணையைப் பார்த்தார். எட்டாம் தேதி காலை, சுருட்டை. கூப்பிட்டுக் கை குலுக்கப் போனார்.

"சுருட்டை கையை நீட்டவே இல்லையாம்," என்றாள் நாத்தனார். "'நான் இல்ல சார், எனக்கு அன்னிக்குப் பல் பிடுங்குனாங்க, அக்காதான் என் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தாங்க'ன்னு சொல்லிட்டான். தங்கமான பையன். ஆனா அவரு நம்பல. எங்களுக்குள்ள ஷிப்ட் மாத்திக்கறதே தப்புன்னு ஒரு பாட்டு பாடிட்டு, 'ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்து சொல்றீங்களா? பதிவுல காட்டுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். இல்லேன்னா அட்டவணைப்படி சுருட்டைதான்'னு சொல்லிட்டாரு."

"பதிவுல எப்படி அண்ணி காட்ட முடியும்? மூணு பேருக்கும் ஒரே லாகின்தானே?"

"அதுக்குத்தான் நாங்க ஒரு வழி வச்சிருக்கோமே," என்று நாத்தனார் முன்னால் சாய்ந்தாள். "தனித்தனி லாகின் கொடுங்கன்னு ரெண்டு வருஷமா எழுதிக் கேட்டோம், உங்க ஆபீஸ் காதுலயே போட்டுக்கல. யாரு யாருக்கு எத்தனை ஷிப்ட் திருப்பிப் பார்க்கணும்னு எங்களுக்குத் தெரிய வேணாமா? அதனால வரி முடிஞ்சதும் சுருட்டை சும்மா விட்டுடுவான். நான் ஒரு தடவை ஸ்பேஸ் பாரைத் தட்டுவேன். பூனை நாலு தடவை தட்டுவான். ஒரு ஸ்பேஸ் கை தவறிக்கூட விழும், நாலு விழாதுன்னு அவனுக்கு ஒரு கணக்கு. நீ ஆபீஸ் ஆளாச்சேன்னு வீட்ல மூச்சு விடல. இப்போ அந்த எட்டாம் தேதி கோப்பைத் திறந்து காட்டு, போதும். காலையில ஒரு ஸ்பேஸ், மதியமும் ஒரு ஸ்பேஸ். அது நான்."

சுத்தக்காரியின் விரல் தானாக எட்டாம் தேதிக் கோப்பைத் திறந்தது. இருபத்துநான்கு வரியும் கத்தரித்து வைத்த மாதிரி, ஒன்றுபோல முடிந்திருந்தது.

"பார்த்துச் சொல்றேன் அண்ணி," என்றாள்.

நாத்தனார் போனதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காப்புப் பிரதி வைக்கும் இன்னொரு கணினியில் தேடினாள். அது ஞாயிறுதோறும் புதியதைப் பழையதன் மேல் எழுதுகிற கணினி. இரண்டு ஞாயிறு கடந்துவிட்டது. அங்கேயும் அவள் துடைத்த கோப்புதான் பளபளவென்று இருந்தது. பம்ப் ஹவுஸ் கணினியிலோ கோப்புகள் ஆபீசுக்கு வந்ததும் தானாக அழிந்துவிடும். அந்த ஏற்பாட்டைச் செய்ததும் அவள்தான், இரண்டு வருடம் முன்பு. தன் சாமர்த்தியம் ஒவ்வொன்றாக வந்து முகத்தில் அறைந்தது.

பத்து வருட வேலையில் ஒருமுறைகூட யாரையாவது கேட்டிருக்கிறாளா, இது ஏன் இப்படி இருக்கிறது என்று? கேட்டதில்லை. அசிங்கமாக இருக்கிறது, துடை. அவ்வளவுதான் அவள் சட்டம். மாடியில் இருக்கிற மனுஷியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறைக்கலாம் என்ற எண்ணம் வராமல் இல்லை. அந்த இடங்களைத் தானே திரும்பப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? காலை, மதியம் பதினாறு வரியில் ஒவ்வொரு தட்டு, ஒரு நிமிட வேலை. விசைப்பலகை வரை கை போனது. ஆனால் போட்டால் அது பொய்ப் பதிவு. நடந்தது உண்மையே என்றாலும் அந்தப் பதிவு பொய். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் நாத்தனார் கீழே வந்து, தம்பியோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். சுத்தக்காரி எதிரே நின்று, மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஸ்கிரிப்ட் எழுதியது, துடைத்தது, பிரதி எடுக்காதது.

நாத்தனார் டம்ளரை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"என் செருப்பைத்தான் நேராக்குறேன்னு பார்த்தேன்," என்றாள் கடைசியில். "பதினோரு வருஷத்தையே நேராக்கிட்டியேம்மா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியாமல் சுத்தக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

கணவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குக் கணினியும் தெரியாது, பம்பும் தெரியாது. ஏதாவது பேசி வைக்க வேண்டுமே என்று, "அந்த ஆயிரத்து இருநூறுக்கு ஒண்ணு குறைச்சல்னு டமாரம் அடிச்சியே, அதுவா?" என்றான்.

"அதேதான். போதும், நீங்க வேற," என்று சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

பட்டியல்!

ஓடிப்போய் மடிக்கணினியை எடுத்து வந்து திறந்தாள். நாள்வாரியாக மிச்சம்: நாற்பது, நாற்பது, நாற்பது என்று இறங்கிக்கொண்டே போனது. ஒன்றாம் தேதி இதைப் பார்த்தபோது, ஆபரேட்டர்கள் தினமும் ஒரே அளவு கவனக்குறைவாக இருக்கிறார்களே என்று வியந்ததோடு விட்டுவிட்டாள். இப்போது விரல் விட்டு எண்ணினாள். சுருட்டையின் எட்டு மணி நேரத்துக்கு ஒன்றுமில்லை. நாத்தனாரின் எட்டு வரிக்கு எட்டு. பூனையின் எட்டு வரிக்கு நாலெட்டு முப்பத்திரண்டு. ஆக நாற்பது. மூவரும் ஆளுக்கு ஒரு ஷிப்ட் பார்த்தால், யார் எந்த ஷிப்ட் பார்த்தாலும் நாற்பதுதான் வரும்.

"எட்டாம் தேதி நீங்க ரெண்டு ஷிப்டும் பார்த்திருந்தா எட்டு கூடணும். நாப்பத்தெட்டு வரணும் அண்ணி," என்று சொல்லிக்கொண்டே எட்டாம் தேதிக்கு வந்தாள்.

நாற்பத்தேழு.

மூன்று பேரும் திரையையே பார்த்தார்கள். நாத்தனார் மட்டும் மெல்லத் தலையசைத்தாள். "பதினாலாம் தேதியைப் பாரு. நான் கண் டாக்டரைப் பார்க்கப் போனேன். சுருட்டை எனக்குத் திருப்பிப் பார்த்தான்."

பதினான்காம் தேதி முப்பத்திரண்டு. சுருட்டை இரண்டு ஷிப்ட், பூனை ஒன்று, நாத்தனார் இல்லை. கச்சிதமாகச் சரி. மாதத்தில் நாற்பது அல்லாத நாட்கள் அந்த இரண்டுதான்.

"அப்போ எட்டாம் தேதியில அந்த ஒண்ணு எங்க போச்சு?" என்றான் கணவன்.

"அதை நான் அவருகிட்டயே சொல்லிக்கறேன்," என்றாள் நாத்தனார்.

வெள்ளிக்கிழமை காலை இன்ஜினியர் அறையில் நான்கு பேர். இன்ஜினியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாரே தவிர, சுத்தக்காரி நீட்டிய காகிதத்தை வாங்கவே இல்லை.

"நீ அவங்க வீட்டுப் பொண்ணாச்சேம்மா. நீ எடுத்துட்டு வர்ற பட்டியலை நான் எப்படி நம்பறது?"

"இதை நம்ப வேணாம் சார். உங்க மெயில்ல இருக்கறதைப் பாருங்க. ஒண்ணாம் தேதியே அனுப்பினேன். நீங்க திறக்கல போல."

அவர் இருமிக்கொண்டே தேடினார். படிக்காத கடிதங்கள் மலையாகக் குவிந்திருந்தன. அதில் தோண்டி எடுத்துத் திறந்தார். பெருமைக்காக அனுப்பிய பட்டியல், விசாரணை என்ற பேச்சு எழுவதற்குப் பத்து நாள் முந்தைய தேதியோடு, அவர் திரையிலேயே விரிந்தது. சுத்தக்காரி கணக்கைச் சொன்னாள். அவர் ஒரு காகிதத்தில் தானும் போட்டுப் பார்த்தார். இரண்டாம் முறையும் போட்டுப் பார்த்தார். எண் என்றால் மனுஷனுக்கு மரியாதை உண்டு.

"கணக்கு சரி. ஆனா நாப்பத்தெட்டு இல்லையே, நாப்பத்தேழுதானே? ஒண்ணு இடிக்குதே," என்று நாத்தனாரைப் பார்த்தார்.

"பதினோரு மணி வரி சார்," என்றாள் நாத்தனார். "பேரிங் சூடு, ரெண்டு நிறுத்தம், மூணு ஓடுதுன்னு தட்டுனேன். மூணாவது பம்ப் எடுத்த சத்தம் சரியில்ல, வால்வு முழுசாத் திறக்கலன்னு தோணிச்சு. நான்தான்னு அடையாளம் வைக்கவா சார் நிப்பாங்க? என்டரைத் தட்டிட்டு ஓடிட்டேன்."

சுருட்டை தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு, "அதுக்கு மேல என்ன சார் சாட்சி வேணும்?" என்றான். அந்த இடம் அவனுக்கும் வந்திருக்க வேண்டியதுதான். அவன் முகத்தில் அந்த வருத்தம் கொஞ்சம்கூட இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தும் சொன்னான் பாருங்கள், அதற்காகவே அவனுக்கு ஒரு முடியாவது முளைக்கலாம்.

இன்ஜினியர் ஷிப்ட் மாற்றிக்கொள்வது பற்றி ஐந்து நிமிடம் மூச்சுவிடாமல் சத்தம் போட்டார். அடுத்த வாரத்துக்குள் மூவருக்கும் தனித்தனி லாகின் போட வேண்டும் என்று சுத்தக்காரிக்கு உத்தரவிட்டார். பிறகு பொறுப்பாளர் நியமனக் கோப்பை இழுத்து, நாத்தனார் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் சுத்தக்காரி வீட்டுக்குத் திரும்பியபோது, மாடியில் விளக்கு எரியவில்லை. சத்தமும் இல்லை. உத்தரவு கையில் கிடைத்ததும் அக்கா நேராக வந்து படுத்துத் தூங்கிவிட்டாள் என்று கணவன் வாசலிலேயே குரலைத் தாழ்த்திச் சொன்னான். எல்லாரும் தூங்கும் நேரம்வரை காத்திருக்கக்கூட அக்காவுக்குப் பொறுமை இல்லையாம்.

வாசலில் செருப்பு கிடந்தது. ஒன்று தெருவைப் பார்த்துக்கொண்டு, இன்னொன்று கவிழ்ந்து படிக்கட்டுக்கு அடியில். படியேறிய அவசரம் அப்படியே தெரிந்தது. சுத்தக்காரி பழக்கதோஷத்தில் குனிந்தாள். விரல் வாரைத் தொட்டது.

மனசு நிறைந்திருந்தது அவளுக்கு. விரலை எடுத்துக்கொண்டு, செருப்பைச் சுற்றி நடந்து உள்ளே போனாள்.